கோழிவலை போட்ட பேஸ் பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளின் சுண்டுவிரல் கிழிந்தது. இரண்டரை வயது. நாமக்கல்லில் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து இறங்குவதற்குள் குற்றவாளி யார் என்பது முடிவாகியிருந்தது. கூடத்து மூலையில் நிற்கும் என் பேஸ் பெட்டி. பேஸ் கிதாரின் கனத்த ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர். என் இடுப்பு உயரம் இருக்கும்.

"புள்ளைக்கு ஆவாத சாமான் ஊட்டுல எதுக்கு சாமி? வியாழக்கெழம பழைய இரும்புக்காரன் வருவான், போட்டுட்லாம்" என்றார் என் மாமியார். கணவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேனோ என்னவோ.

இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். விரலைக் கிழித்தது பெட்டி இல்லை. அதன் முகத்தில் என் கணவர் அடித்து வைத்த கோழிவலை.

போன வருஷம் மாரியம்மன் பண்டிகையில் மைக் பேச, "சும்மாதான கெடக்குது" என்று என்னைக் கேட்காமலே பெட்டியைக் கொடுத்தனுப்பினார். முட்டை வண்டியில் அது திரும்பி வந்தபோது, ஸ்பீக்கருக்கு முன்னால் காவலாக இருக்கும் கறுப்பு இரும்புக் கிரில் குழிந்து, நடுவில் கிழிந்திருந்தது. மறுநாள் எங்கள் கோழிப் பண்ணையிலிருந்து கூண்டு வலையில் ஒரு துண்டு வெட்டி வந்து ஆணி அடித்துவிட்டு, "எப்புடி?" என்று நின்றார். எங்கள் பக்கம் கோழிவலை எல்லாவற்றுக்கும் ஆகும். ஜன்னலுக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, எதற்கும். ஆனால் அது கோழி தலையை நீட்டித் தீனி தின்பதற்கான வலை. பிள்ளையின் விரல் போகாதா? வெட்டிய முனைகளை அராவக்கூட இல்லை. அன்றைக்கு நான் சொன்னது: "நல்லாருக்குதுங்க." எம்.காம். படித்தவள்.

செவ்வாய்க்கிழமை, அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சேலத்துக்குப் போய், விரல் நுழையாத சிறு துளைகள் உள்ள தகட்டை அளவுக்கு வெட்டி, ஓரம் மடக்கி வாங்கி வந்தேன். அம்மாவையும் பார்த்தேன் என்பதால் அரைப் பொய்தான். புதன் மதியம் பாப்பா தூங்கியதும் ஆணிகளைப் பிடுங்கினேன்.

வலை கழன்றதும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு வாசனை. மரம், பசை, தூசி. எங்கேயோ கல்யாண மண்டபத்துச் சாம்பாரும் இருந்த மாதிரி. என் மூக்கு இல்லாததைச் சேர்த்துக்கொள்ளும்.

கல்யாணத்துக்கு முன்னால் சேலம் சூரமங்கலத்தில் இருந்த நாட்களில், வாரமெல்லாம் ஒரு ஜவுளி ஆபீஸில் வேலை, சனி ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ். பெட்டி என் சம்பளத்தில் வாங்கியது. பேஸ் வாசிப்பவரை யாருக்கும் தெரியாது. கொண்டப்பநாயக்கன்பட்டிக் கல்யாணம் ஒன்றில், முன்வரிசை அம்மா ஒருத்தர் கேட்டேவிட்டார்: "ஏனம்மிணி, எல்லாரும் பாடுறாங்க, நீ மட்டும் அந்தக் கட்டையப் புடிச்சிட்டு சும்மா நிக்கற?"

ட்ரம்ஸ் வாசித்த பிரபுவுக்குத்தான் என்னைவிட ரோஷம். "அவ நிறுத்துனாத்தான் உங்களுக்குத் தெரியுங்க்கா" என்றான். அடுத்த பாட்டின் நடுவில் கண்ணைக் காட்டினான். நிறுத்தினேன். மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த குழந்தைகள் தடுமாறி நின்றார்கள். அந்த அம்மா பதறிப்போய், "அட, போடு சாமி, போடு!" என்று கையை ஆட்டினார்.

தடித்த தந்தியைத் தட்டும்போது கிரில் ஜிர்ரென்று அதிரும். அதற்குப் பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி அடியில் ஒட்டுவான் பிரபு. நானும் அப்படியே ஒட்டி, புதுத் தகட்டை வைத்து, மூலைகளில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தபோது கணவர் வந்தார்.

"இதுக்கு எதுக்கு இத்தன பாடு? நாளைக்கு எடைக்குப் போறது."

"போகாதுங்க."

"என்ன?"

"பாப்பா கையக் கிழிச்சது நீங்க வெட்டுன கம்பி. பொட்டி இல்ல. என்னையக் கேக்காம கொடுத்ததும் நீங்கதான்."

மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன சாமி, கட்டுனவன்கிட்ட இந்தப் பேச்சு?"

"உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன் அத்தை."

சொல்லிவிட்டுத் திருகாணியை இன்னொரு சுற்று முடுக்கினேன். இவ்வளவு வேண்டாமோ? பாப்பா எழுந்துவிடுவாளோ? கணவர் குனிந்து, தரையில் கிடந்த வலையின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். வெடுக்கென்று இழுத்து வாயில் வைத்துக்கொண்டார். அப்படியே வெளியே போனார். வியாழக்கிழமை இரும்புக்காரர் கோழிவலையை மட்டும் எடுத்துப்போனார்.

அவர் போன பிறகு பீரோ மேலிருந்து கிதாரை இறக்கி, பெட்டியில் இணைத்துத் தடித்த தந்தியைத் தட்டினேன். தகட்டில் ஜிர்ரென்ற அதிர்வு இல்லை. பாப்பா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு, நல்ல கையைத் தகட்டில் வைத்துச் சிரித்தாள். ஒரு பாட்டு முழுக்க வாசித்துக் காட்டலாம் என்று ஆரம்பித்தேன்.

பாதியில் நிறுத்தவேண்டியிருந்தது. விரல்நுனிகள் எரிந்தன. ஆறு வருஷம் தந்தியில் தேய்ந்து தேய்ந்து காய்த்துப்போயிருந்த தோல் அது. என் கல்யாணத்தின்போது மருதாணி மற்ற இடத்தைவிட அதில்தான் கறுத்துப் பிடித்தது. இப்போது பாப்பாவின் கன்னம் மாதிரி மெத்தென்று இருக்கிறது. குழு கலைந்த நாள் எனக்குத் தெரியும், பிரபு ஓசூருக்குப் போன நாளும் தெரியும். இந்தத் தோல் எந்த நாளில் போனது என்று மட்டும் தெரியவில்லை. அதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?