காபிக்கு முன் மூன்று சுற்று

ஞாயிறு காலை எட்டு மணி. பழைய மெட்ராஸ் ரோட்டில், ஹொஸ்கோட்டை அருகே ஓர் இட்லிக் கடை. சென்னைக்காரனான நான், இரவல் சைக்கிளில் வைட்ஃபீல்ட் சைக்கிள் குழு ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆளுக்கொரு வழியாக வந்து சேர்ந்தவர்கள், இறுக்கமான உடையில் நின்றபடியே இன்றைய சவாரியைச் சொல்கிறார்கள். ஒருவருக்கு வழி முழுக்க எதிர்க்காற்று. இன்னொருவரைத் துரத்திய நாய், இட்லி வருவதற்குள் மூன்று நாய்களாகிவிட்டது. வழியில் பார்த்த ஏரியின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. சராசரி வேகம் மட்டும் தசமப் புள்ளியோடு தெரிகிறது.

மேனேஜர் ஒருவர் இன்னும் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. அவருடைய போன் நாற்பத்தொன்பதரை கிலோமீட்டர் காட்டியதாம். ஐம்பது ஆகாமல் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டால் மானம் போய்விடும். அதனால் கடையையே சுற்றிச் சுற்றி வருகிறார்.

"அவரோட காபி ஆறிடாதா?" என்று கடைக்காரர் செல்வராஜிடம் கேட்கிறேன். கோலார் தங்கவயலிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர்.

"இன்னும் போடவே இல்ல சார். கடைய ஒரு சுத்து சுத்துனா நூறு மீட்டர். அவருக்கு இன்னும் ரெண்டு சுத்து இருக்கு. வாரா வாரம் பாக்குறேன்ல?"

நான் சத்தமாகச் சிரிக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு எவ்ளோ சார் குறையுது? அதப் பாத்துத்தான் டிகாஷன் ஊத்தணும்."

போனை எடுத்துப் பார்க்கிறேன். "முன்னூறு மீட்டர்," என்கிறேன் மெதுவாக.

"மூணு சுத்து. பின்பக்கம் சேறு, பாத்துப் போங்க. சர்க்கரை போடலாமா?"