இரண்டாவது பிரேக்

எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவருடைய பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டின் முன்னாலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் மாஸ்டர் அதை மிதித்து வண்டியை நிறுத்துவார். இரண்டு பெடலும் ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கும்.

அந்தக் காலுக்கு ஓய்வு என்பதே கிடையாது. பஸ்ஸில் போனாலும் தரையை மிதிப்பார். டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடினால், எங்கள் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் கால்மிதி சுருண்டுபோகும்.

நானும் அவரிடம்தான் கற்றேன், லைசென்ஸும் வாங்கினேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தடவைகூட அந்த வண்டியை நானாக நிறுத்தியதில்லை. நான் நினைப்பதற்குள் அவர் கால் முந்திக்கொள்ளும். போதாக்குறைக்கு, காரில் ஏறியதும் கட்டிய பெண்டாட்டி 'மேடம்' ஆகிவிடுவாள். "மேடம், கண்ணாடியப் பாருங்க. மேடம், தூங்கிட்டீங்களா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்மேல் இவருக்கு நம்பிக்கையே இல்லை என்று நினைத்து, ஸ்டியரிங்கைத் தொடுவதையே விட்டுவிட்டேன்.

எங்கள் மகளுக்கு மாதம் நெருங்கியது. அவள் அடுத்த ஊரில் இருந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. அப்போது நடுக்கடலில் இருந்தான்.

"வலி எடுத்தா யாரும்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க? ரெண்டு பேரும் வண்டியோட வந்துடுங்க" என்றாள்.

அப்பா இருக்கும்போது என்ன கவலை என்றுதான் இருந்தோம். அந்த நேரம் பார்த்து அவர் கண்ணில் கோளாறு வந்து, அவசரமாக ஆபரேஷன் ஆயிற்று. ஒரு கண்ணில் கட்டு. வண்டி ஓட்டக் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இனி ஓட்ட வேண்டியது நான்தான்.

அதற்கு முன் இன்னொரு வேலை காத்திருந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன் சக்கரம் கீச்சென்று கத்தியது. சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் பிரேக் பேட் தேய்ந்திருந்தது. மாற்றுவதற்காக அவரே புதுப் பேட் வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம் என்றேன்.

"என் பொண்ணு ஏறப்போற வண்டி. பிரேக்கை வேற யார் கையிலயும் விடமாட்டேன்."

"அப்போ யாரு மாத்துறது?"

ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவள் நான். ஸ்பேனரும் கிளாம்பும் எனக்குப் புதிதில்லை. சரி, ஒரு கை பார்ப்போம் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

காம்பவுண்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டார். "நட்டை மொதல்ல தரையிலயே லூஸ் பண்ணிக்கோ, அப்புறம்தான் ஜாக்கி. பின் சக்கரத்துக்குக் கல்லு வெச்சியா?" சொல்லிக்கொண்டே எட்டிப் பார்க்கக் குனிவார். "தலையை நிமித்துங்க!" என்று நான் கத்துவேன். அன்றைக்கு மாஸ்டர் நான்தான்.

சக்கரத்தைக் கழற்றி, பேடுகளைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்வியின் போல்ட்டைத் திருகித் தூக்கினேன். உள்பக்கத்துப் பேட் காகிதமாகத் தேய்ந்திருந்தது. வாங்கி நல்ல கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார்.

"போன வருஷம்தானே மாத்தினேன்? கத்துக்க வர்றவங்க மிதிச்சே தீர்த்துடறாங்க."

"அவங்களா? இது உங்க கால் தேய்ச்சது."

கவ்விக்குள் பேடை அழுத்தும் பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு மெல்ல உள்ளே தள்ளி, புதுப் பேடுகளைப் பொருத்தினேன். மறுபக்கமும் அப்படியே. சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கியபோது உடம்பெல்லாம் கரி.

"இப்போ ஏறி பெடலை மிதி. மொதல்ல பொசுக்குன்னு உள்ள போகும். மிதிக்க மிதிக்க கெட்டியாகணும். ஆகலேன்னா வண்டியை நகத்தவே கூடாது" என்று சொல்லி, அவரும் தன் வழக்கமான சீட்டில் ஏறிக்கொண்டார்.

மிதித்தேன். உள்ளே போனது. காலை எடுத்தேன். பெடல் மேலே வரவில்லை.

"கெட்டியாச்சா?"

"திரும்பி மேலயே வரலைங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எண்ணெய் ஒழுகுதா பாரு."

இறங்கிப் போய்ச் சக்கரங்களைத் தடவிப் பார்த்தேன். ஈரமே இல்லை. ஒரு சக்கரத்தைத் திரும்பக் கழற்றினேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அவர் சீட்டிலேயே உட்கார்ந்து, "பாரு, நல்லாப் பாரு" என்று தவித்தார். இதுகூடச் செய்யத் தெரியாதவள் பெண்ணை எப்படி ஆஸ்பத்திரி கொண்டுபோய்ச் சேர்ப்பேன்? அவர் பக்கத்துக் கதவருகே தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திறந்திருந்த கதவு வழியாக, என் முகத்துக்கு நேரே அவருடைய கால். அவர் பக்கத்துப் பெடலைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டிருந்தது.

"காலை எடுங்க."

"எந்தக் கால்?"

நானே தூக்கி எடுத்தேன். பெடல் டக்கென்று மேலே வந்தது. எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. அவர் சிரிக்கவில்லை.

"சத்தியமா தெரியல. கத்துக்க வர்ற பசங்க ஓட்டும்போது நான் யோசிச்சுத்தான் மிதிப்பேன். நீ உக்காந்தா மட்டும் அதுபாட்டுக்குப் போயிடுது. உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு…" என்று நிறுத்திக்கொண்டார்.

இந்த மனுஷனை நான் எத்தனை தப்பாக நினைத்திருந்தேன். கரிக்கையோடு அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சக்கரத்தை மாட்டிவிட்டுப் போய் மிதித்தேன். நாலைந்து மிதியில் பெடல் கல்லாகக் கெட்டியானது.

மறுநாள் காலையில் கிளம்பினோம். அவர் ஏறியதும் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினார். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"இது என்ன கோலம்?"

"நீ ஓட்டு." மேடம் இல்லை.

சரிவான சாலையில் ஒரு சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்தார். மிதித்தேன். கீச் சத்தம்கூட இல்லாமல் வண்டி நின்றது. திரும்பிப் பார்த்தேன். முழங்கால்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"நான் பிரேக் போடல. நீதான் நிறுத்தின" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் காலை இறக்கவில்லை. மகள் வீடு வரைக்கும் அப்படியேதான் வந்தார். இறங்கும்போது இரண்டு காலும் மரத்துப்போய், என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார்.