ஆளைக் கொண்டுவந்தால் தருகிறேன்

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குத் தெரியும், ஏனென்றால் வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் முதல் ஆளாக நானே சிரித்திருப்பேன். நான் நர்ஸ். பதினாறு வருடமாக மராட்டி ஊரான சாகணில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் முதலுதவி அறை என் பொறுப்பு. அதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் பிணவறைக்குப் பக்கத்து வார்டில் மூன்று வருடம் வேலை பார்த்தேன், ஒரு நாள்கூட எதுவும் என்னை அண்டியதில்லை. நிக்டியில் எங்கள் பில்டிங்கில் யாராவது குழந்தைக்குக் காத்து கருப்பு என்று எலுமிச்சம்பழம் சுற்றினால், அதைப் பிழிந்து சர்பத் போட்டுக் கொடு என்று சொல்கிற ஆள் நான். நடு ராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம், அதெல்லாம் இதில் கிடையாது. எல்லாமே பட்டப்பகலில், முந்நூறு பேர் புழங்கிக்கொண்டிருந்த இடத்தில் நடந்தது. நம்பினால் நம்புங்கள்.

அந்த வருடம் மழை விடாமல் அடித்து, அணை நிரம்பி, பவனா ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். கசார்வாடியில் ஆற்றை ஒட்டிய சந்துகளில் விடிவதற்குள் நெஞ்சளவு தண்ணீர், மதியத்துக்குள் கழுத்தளவு. பழைய மும்பை ரோட்டுப் பக்கம் மேடான இடத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தை முகாமாக்கினார்கள். எங்கள் கம்பெனிக்கு லீவு விட்டிருந்தார்கள், எனக்கு வீட்டில் கை காலைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை, மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். ஒரே டாக்டர் நாலு முகாமைச் சுற்றிக்கொண்டிருந்தார், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை முகம் காட்டுவார். நடுவில் எல்லாம் நான்தான்.

என் பழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். கம்பெனியில் ஷிஃப்ட் ஆட்கள் ஒருவனுக்குத் தலைவலி என்று இன்னொருவனை அனுப்பி மாத்திரை கேட்பார்கள். செத்தாலும் கொடுக்க மாட்டேன். ஆளை அனுப்பு, பார்க்கிறேன், அப்புறம் மாத்திரை. ‘ஆளைக் காட்டு சிஸ்டர்’ என்றே எனக்குப் பின்னால் பெயர். அது நல்ல பழக்கம்தான், இப்போதும் அதில் குற்றம் சொல்ல மாட்டேன்.

முதல் நாள் மதியம் இரண்டு மணி இருக்கும். ஆணி குத்தினது, தகரம் கிழித்தது, காய்ச்சல் என்று நாற்பது பேர் வரிசையில். நடுவில் வீட்டுக்காரர் போன் பண்ணினார், சாப்பிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வைத்தேன். நிமிர்ந்தால் எதிரே ஒரு ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும், உச்சி முதல் கால் வரை ஈரம்.

“அக்கா, நீங்க தமிழா?” என்றான். அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

“சொல்லுங்க, என்ன வேணும்?”

“எம்பேரு சேகர்க்கா. லேத் பட்டறைல வேலை, பட்டறைக்கு மேலயே ரூம். என் வீட்டுக்காரிக்குச் சின்ன வயசுலேர்ந்து சுகர், டெய்லி இன்சுலின் ஊசி. ஃப்ரிட்ஜ் கீழ இருந்துச்சா, எல்லாம் வெள்ளத்துப் பானில போயிடுச்சு. காலைல போட்டதோட சரி. ஒரு பாட்டில் குடுத்தீங்கன்னா…”

“ஆளு எங்க?”

“கால்ல பிளாஸ்டர்க்கா, நடக்க முடியாது. எங்க சந்துல பானி இன்னும் எறங்கல.”

இந்த இடத்தில்தான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். என் பழக்கத்தால் மட்டும் நான் மறுக்கவில்லை. அவன் தமிழில் பேசப் பேச வரிசையே எங்கள் பக்கம் பார்த்தது. பின்னால் ஒரு அம்மா மராட்டியில், “அவங்க ஊர் ஆளு போல, இனி வரிசையாவது ஒண்ணாவது” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், மதராஸி தன் ஆட்களுக்குத்தான் செய்வாள் என்ற பேச்சு மட்டும் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்தவள். இன்சுலினை ஆளைப் பார்க்காமல் தூக்கிக் கொடுக்க முடியாது, அது நியாயம். ஆனால் பெயரையும் இடத்தையும் எழுதி வாங்கி, படகில் போகிறவர்களிடம் கொடுத்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை. அவன் மராட்டிக்காரனாக இருந்திருந்தால் கட்டாயம் செய்திருப்பேன்.

“ஆளைக் கொண்டுவந்தா குடுப்பேன். இல்லாம முடியாது,” என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அவன் நகரவில்லை. “ஆளைக் கொண்டுவந்தா குடுப்பீங்களாக்கா?”

“குடுப்பேன். அடுத்தது யாரு?”

அன்று வீட்டுக்குப் போயும் மனது ஓரிடத்தில் நிற்கவில்லை. டி.வி.யைப் போட்டேன், அணைத்தேன், போட்டேன். மறுநாள் காலையில் படகுக்காரர்களிடம் சொல்லலாம் என்றால் எந்தச் சந்து, எந்தப் பட்டறை என்று நான் கேட்கவே இல்லை. கசார்வாடியில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? பொதுவாகச் சொல்லிவைத்தேன், சரி சரி என்றார்கள்.

இரண்டாம் நாள் வரிசையைப் பார்த்துக்கொள்ள சுனந்தா தாயி வந்தார், இங்கே அக்காவைத் தாயி என்பார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர், கறாரான மனுஷி. தரையைத் துடைத்துவிட்டு, ஈரக் காலோடு ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. பதினொரு மணி வாக்கில் ஒரு பையனுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு நிமிர்கிறேன், சேகர் நிற்கிறான். அதே ஈரம். திரும்பவும் தண்ணீரில் இறங்கி வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக எனக்குக் குளிர்ந்து போகவும் இல்லை, மயிர்க்கூச்செறியவும் இல்லை.

“ஆளைக் கொண்டுவந்தா குடுப்பீங்களாக்கா?”

ராத்திரி முழுக்க இவனுக்காகத் தவித்தவள் நான், ஆனால் பாருங்கள், நேரில் கண்டதும் கோபம்தான் வந்தது. “நேத்தே சொன்னேன்ல? எத்தனை தடவை சொல்றது? கொண்டு வா, குடுக்கறேன். இல்ல, எந்தச் சந்துன்னு சொல்லு, எழுதிக்கறேன்,” என்று பேனாவை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஆள் இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தேன்.

மதியம் சாப்பாட்டு நேரம். எல்லாரும் தட்டோடு மைதானத்துப் பக்கம் போயிருந்தார்கள். அவன் வராந்தா வழியாக வந்தான், முதுகில் ஒரு பெண். பெஞ்சில் மெதுவாக இறக்கினான். “கொண்டாந்துட்டேன்க்கா” என்றான். குறை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவளிடம் ஓடினேன்.

அரை மயக்கம், உதடு காய்ந்து வெடித்திருந்தது, மூச்சு வேகவேகமாக, ஆழமாக. வாயில் அழுகிய பழ வாடை. மெஷினில் சர்க்கரை எண்ணே காட்டவில்லை, அவ்வளவு ஏற்றம். டாக்டருக்குப் போன் போடச் சொல்லிக் கத்தினேன், அவர் சொல்லச் சொல்ல சலைன் ஏற்றினேன், இன்சுலின் போட்டேன். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம். அந்த நேரத்தில்தான் அவள் காலைத் தூக்கி வைத்தேன். பிளாஸ்டர் காய்ந்து கிடந்தது. தண்ணீர் பட்ட பிளாஸ்டர் எப்படிக் கரைந்து பிசுபிசுக்கும் என்று எனக்குத் தெரியும். சந்தில் அன்றைக்கும் இடுப்பளவுக்கு மேல் தண்ணீர். சொட்டச் சொட்ட நனைந்தவன் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தவளின் சேலையில் ஒரு துளி ஈரம் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்ததும், “சேகர், நீயும் ஏறு!” என்று கூப்பிட்டேன். சுனந்தா தாயி ஓடி வந்தார்.

“யாரைக் கூப்பிடறே சிஸ்டர்?”

“இவளைத் தூக்கிட்டு வந்த ஆளை.”

“யாரும் வரலியே. நான் திரும்பிப் பாக்கறப்போ இந்தப் பொண்ணு மட்டும் பெஞ்சில கிடந்தா.”

“காலைலகூட வந்தானே தாயி, ஈரத்தோட, நீங்க எப்படி உள்ள விட்டீங்க?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “காலைலயா? நீ தனியா உக்காந்து உன் பாஷைல கத்திட்டிருந்தே. காதுல போன் மாட்டிட்டு வீட்டுக்காரரோட சண்டை போடறேன்னு நெனச்சேன்.”

என் போன் காலையிலிருந்தே ஹெட்மாஸ்டர் அறையில் சார்ஜில் கிடந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகுதான் அந்தச் சந்துக்குள் ஆட்கள் போக முடிந்தது. திருப்பத்தில், சுவருக்கும் கவிழ்ந்து கிடந்த ஒரு டெம்போவுக்கும் நடுவில் ஒரு உடல். அடையாளம் கேட்டு போலீஸ்காரர் முகாமுக்குப் போட்டோவோடு வந்தார். நான்தான் பெயர் சொன்னேன். சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட காலி இன்சுலின் பாட்டில் இருந்ததாம். டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு நாளாகத் தண்ணீரில் கிடந்த உடம்பு, முதல் நாள் மதியம் வாக்கில் போயிருக்க வேண்டும் என்றார். அந்தப் பெண்ணை யாரோ படகில் கொண்டுவந்து போட்டிருப்பார்கள், நீ தூக்கமில்லாமல் எதையோ பார்த்திருப்பாய் என்றும் அவர்தான் சொன்னார். எந்தப் படகும் அங்கே போகவில்லை, விசாரித்துவிட்டேன்.

அவள் பெயர் மாலதி. பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“மொத நாள் மதியம் எறங்கிப் போனாருக்கா. மறுநாள்தான் வந்தாரு. ‘அங்க ஒரு தமிழ் அக்கா இருக்காங்க, உன்னைக் கொண்டுவரச் சொன்னாங்க’ன்னாரு, அவ்வளவுதான். முதுகுல ஏத்திக்கிட்டாரு. நீங்க அப்படிச் சொன்னதாலதான்க்கா நான் இருக்கேன்.”

எனக்கு அழுகை வந்தது, வார்டு என்றும் பார்க்காமல் அழுதேன். நன்றியில் அழுகிறேன் என்று நினைத்து அவள் என்னைத் தேற்றினாள்.

இரண்டாம் நாள் வந்தது அவன் இல்லை, அல்லது அவன்தான், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அது என்னைப் பயமுறுத்தவில்லை. முதல் நாள் மதியம் வந்தது யார் என்பதுதான் என்னைத் தின்கிறது. முகாமுக்கு வரும் வழியிலேயே அவன் மூழ்கியிருந்தால், அப்போதே என் முன் நின்றவன் உயிரோடு இல்லை, நான் என்ன சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. முகாமுக்கு வந்து, என்னிடம் கேட்டுவிட்டு, மனைவியைத் தூக்கிவரத் திரும்பிப் போகும்போது மூழ்கியிருந்தால், அவனைத் திரும்பவும் அந்தத் தண்ணீருக்குள் அனுப்பியது நான். உடல் கிடந்த திருப்பம் போவதற்கும் வருவதற்கும் ஒரே வழி. உயிரோடு வந்திருந்தால் அந்த பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்திருக்க மாட்டானா என்று யோசிப்பேன், வைக்கத்தான் நான் விட்டேனா என்றும் யோசிப்பேன். சுனந்தா தாயி முதல் நாள் இல்லை. அந்த மராட்டி அம்மா, ‘அவங்க ஊர் ஆளு’ என்று சொன்னவள், அவனைப் பார்த்துச் சொன்னாளா, போனில் நான் தமிழ் பேசியதைக் கேட்டுவிட்டு வரிசையில் என் எதிரே நின்ற வேறு யாரையோ சொன்னாளா, தெரியாது. அவளைத் தேடி கசார்வாடி முழுக்க அலைந்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

மாலதி இப்போது தையல் வேலை செய்கிறாள், மாதம் ஒரு தடவை போன் பண்ணுவாள். போன வாரம் பேச்சுக்கு நடுவில் ஒன்று கேட்டாள்.

“அக்கா, மொத நாள் நனைஞ்சு வந்தப்போ அவருக்கு ஒரு வாய் டீயாவது குடுத்தீங்களா? அன்னைக்குக் காலைலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலக்கா அவரு.”

முகாமில் வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தோம்தான். அவனுக்குக் கொடுத்தேனா? எவ்வளவு யோசித்தாலும் அவன் கையில் டம்ளர் என் நினைவில் வரவில்லை. ஆனால் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

“குடுத்தேன் மாலதி. ரெண்டு டம்ளர் குடிச்சாரு,” என்றேன்.

அவள் சந்தோஷமாக வைத்துவிட்டாள். டீ குடித்தவன் என்றால் உயிரோடு வந்தவன் என்று அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து, அது பொய்யாகவே இருக்கட்டும், முதல் நாளும் அவன் செத்துத்தான் என்னிடம் வந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இருக்கிறேன்.