அடுத்த வருடம் கொழும்பு என்றேன்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு டிசம்பர் விடுமுறையில் நடந்தது இது. அப்போது நான் கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கல்யாணம் ஆகவில்லை. என் சினேகிதி அதே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். ஒரே லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். நான் படிக்கப் போனேன், அவள் மலைக்குப் போனாள். ஆனாலும் வாடி, போடி என்ற பேச்சு மட்டும் மாறவே இல்லை.

பயணம் போவோம் என்று ஆரம்பித்தது அவள்தான். அவள், அவள் புருஷன், ஆறு வயது மகள், கூட நான். பேராதனைப் பூந்தோட்டம், தெஹிவளை மிருகக்காட்சிசாலை, கொழும்பில் பிள்ளைகள் விளையாடுகிற பெரிய பூங்கா, மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டுமாம். திட்டம் போடுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ரயில் கோச்சி நேரங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, கண்டியில் எந்த விடுதி நல்லது, கொழும்பில் எங்கே தங்கலாம் என்று தெரிந்த ஆசிரியர்களை எல்லாம் குடைந்தெடுத்தேன். கடைசியில் நானே தீர்ப்பும் சொன்னேன். மூன்று நாளில் மூன்று இடம் என்றால் கால் வலிதான் மிச்சம். கண்டியில் இரண்டு இரவு தங்கி, பேராதனையை ஆற அமரப் பார்ப்போம். கொழும்பு அடுத்த வருடம்.

"எல்லாத்தையும் இந்த வாட்டியே பாத்துருவோம்டி" என்று அவள் விடாமல் நின்றாள். கல்யாண வீட்டில் எல்லாப் பலகாரத்தையும் ஒரே இலையில் கேட்கிற ஆள் நீ என்று கேலி செய்தேன். அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய் கண்டிக்குப் போக வர டிக்கெட் எடுத்தேன்.

சாயங்காலம் கண்டியில் இறங்கி, நான் தேர்ந்தெடுத்த விடுதிக்குப் போனோம். ஸ்டேஷனுக்குப் பக்கம், சுத்தமான இடம். எனக்கு ஒரே பெருமை. சிங்கள முதலாளி பதிவுப் புத்தகத்தை விரித்து, அடையாள அட்டை கேட்டார். என்னுடையதை நீட்டினேன். அப்புறம்தான் திக்கென்றது. பிரஜாவுரிமையும் இல்லாமல், அடையாள அட்டையும் இல்லாமல் எங்கள் லயத்தில் எத்தனையோ பேர். எல்லாவற்றையும் விசாரித்தவள் இதை விசாரிக்காமல் விட்டுவிட்டேனே. இவர்கள் என்னோடு வந்தவர்கள், நான் பொறுப்பு என்று சிங்களத்தில் ஆரம்பித்தேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் புருஷன் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதிலிருந்த இரண்டு பாஸ்போர்ட்டுகளை மேசையில் வைத்தார். இந்தியப் பாஸ்போர்ட்டுகள். ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுகிற தோட்டத்து ஆட்களுக்குக் கொடுப்பது.

முதலாளி பக்கங்களைப் புரட்டி, புறப்பட வேண்டிய தேதி இருந்த முத்திரையைப் பார்த்தார். அடுத்த மாதம் போகிறீர்களா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஆமாம் என்றார் அவள் புருஷன்.

எங்கள் லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் வாசிப்பது நான், விண்ணப்பம் நிரப்புவது நான். அடுத்த காம்பராவில் இருக்கிறவள் நாட்டை விட்டுப் போகிறாள், எனக்குத் தெரியாது. இதை ஒரு விடுதிக்காரர் எனக்கு முன்னால் தெரிந்துகொண்டார்.

அறைக்கு வந்ததும், அவள் புருஷன் பிள்ளையைக் கடைத்தெரு காட்டக் கூட்டிப்போனார். ஏன்டி மறைத்தாய் என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"பாஸ்போர்ட்டுக்கு எழுதித் தரச் சொல்லி வந்தவங்கள எல்லாம் நீ என்னா பேச்சு பேசுன? பொறந்த மண்ண விட்டு ஓடுறவங்கன்னு சொன்னியே. நானும் வந்து நின்னிருந்தா என்னையும் அப்படித்தானே பாத்திருப்ப?"

அப்படித்தான் பேசியிருக்கிறேன், ஒவ்வொரு குடும்பத்திடமும். நியாயம் பேசுகிறேன் என்ற நினைப்பு எனக்கு. அவள் மாமனார் எப்போதோ குடும்பத்தோடு இந்தியா போக எழுதிப் போட்டாராம். போகிறாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை. ஹட்டனில் முன்பின் தெரியாத ஒருவரிடம் கெஞ்சி, படிவங்களை நிரப்பியிருக்கிறாள்.

நாளைக்கே டிக்கெட்டை மாற்றிக் கொழும்புக்குப் போவோம் என்று அழுதேன்.

"வேணாம்டி. இப்ப நீ என்னைய பாவம்னு கூட்டிட்டுப் போவ. நாளைக்கு எப்பவும் போல என்கூட சண்டை போட்டுக்கிட்டு வா, அது போதும்."

மறுநாள் பேராதனையில் அவள் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்தாள். மகளை மூங்கில் புதருக்கு முன்னால் நிறுத்தி அழகு பார்த்தாள். சோற்றுப் பார்சல் காரம் போதாது என்று என்னை வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாள். எனக்குத்தான் சண்டை வரவில்லை. பூவெல்லாம் பார்த்தேன், எதுவும் மனதில் நிற்கவில்லை.

அடுத்த மாதம் அவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினார்கள். அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் மூன்று பதில் எழுதினேன், பிறகு ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகும் படிவம் நிரப்ப ஆட்கள் வந்தார்கள். பெயரையும் வயதையும் கேட்டேன், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு வேண்டியவர் எதையோ என்னிடம் மறைத்துவிட்டார் என்று தெரிந்தால் இன்றும் சுருக்கென்று கோபம் வரும், ஆனால் அவரைக் கேட்பதற்கு முன்னால், அவர் காதில் விழும்படி நான் என்னவெல்லாம் பேசித் தொலைத்தேன் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.