கல்யாண மண்டபத்தில் நாற்பத்தைந்து வேகத்தில் ஓடிய பாட்டு

போன வாரம் ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சண்டை போட்டேன். தொண்டை இன்னும் சரியாகவில்லை. கோபமும்தான்!

சண்டை எதற்கு? ஒரு இங்கிலீஷ் பாட்டுக்கு.

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

மல்லிகா எங்கள் பக்கத்துத் தெருப் பெண். வீட்டில் இரண்டு தறி, ஒன்று அவளுடையது. தறியில் உட்கார்ந்தபடியே ரேடியோ கேட்பாள். சிலோன் ரேடியோவின் இங்கிலீஷ் நிகழ்ச்சியில் ஒரு நாள் ஒரு பாட்டு வந்திருக்கிறது. அதோடு ஆள் மாறிவிட்டாள். சேலை கொடுக்க மெட்ராஸ் போன அண்ணனிடம் அதைப் பாடிய குழுவின் பெயரைச் சொல்லி அனுப்பி, எல்.பி. என்கிற பெரிய ரெக்கார்டாகவே வாங்கிவிட்டாள். வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் கிடையாது. அதனால் என்ன? எங்கள் வீட்டில் இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால், ரெக்கார்டை முந்தானையில் மூடிக்கொண்டு வந்துவிடுவாள்.

அது ஒரு சாஃப்ட் ராக் குழுவின் ஆல்பம். ராக் என்றால் காட்டுக் கத்தல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இது கத்தாத ராக். இரண்டு கிடார், ஒரு பியானோ, மூன்று பேர் சேர்ந்து குரலைத் தாழ்த்திப் பாடுவார்கள். உலகம் பூரா லட்சக்கணக்கில் விற்றதாம். அட்டையில் அவர்கள் தாடியைப் பார்த்துவிட்டு, ‘சாமியாருங்களா?’ என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

மல்லிகாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. “உனக்கு இதுல என்னடி புரியுது?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஒண்ணும் புரியலக்கா. ஆனா யாரையும் அதட்டாம பாடறாங்க இல்ல?” என்றாள்.

அவள் வீட்டை எனக்குத் தெரியும். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி அங்கே எல்லோருக்கும் கத்தித்தான் பேச வரும். சோறு போடு என்பதே சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அந்த வீட்டில் பிறந்த பெண் ஏன் இந்த ரெக்கார்டைக் கட்டிக்கொண்டு அலைகிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கலசப்பாக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். முகூர்த்தச் சேலைக்கு என்ன கரை என்று வீடே கூடிப் பேசியது. பெரியப்பா ஒரு கலர், சித்தப்பா ஒரு கலர். ஊருக்கெல்லாம் முகூர்த்தச் சேலை நெய்கிற பெண் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள் — அவளை யாராவது கேட்டார்களா? ம்ஹூம்!

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “நைனா, ரிசப்ஷன்ல அந்த ரெக்கார்ட்லருந்து ஒரு பாட்டு போடணும்.”

“அவ்ளோதானே? போட்டா போச்சு” என்றார் அப்பா.

ரிசப்ஷன் அன்று மண்டப வாசலில் நாலு குழாய் ஸ்பீக்கர். மைக் செட் ராஜி முதலில் சாமி பாட்டு போட்டான், பிறகு சினிமாப் பாட்டு, அப்புறம் மல்லிகாவின் பாட்டு. கிடார் மெல்ல ஆரம்பித்தது. மேடையில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊரே அவளுக்காகக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

அது பொறுக்குமா? பெரணமல்லூரிலிருந்து வந்திருந்த அவளுடைய தாய்மாமன் எழுந்தார்.

“டேய் ராஜி! இன்னாடா பாட்டு இது? எழவு ஊட்ல ஒப்பாரி வெக்கிற மாதிரி கீது! நல்ல காரியம் நடந்துகினு கீது, ஜல்தியா மாத்துடா!”

“பொண்ணு கேட்ட பாட்டுண்ணா…” என்று ராஜி தலையைச் சொறிந்தான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சினிமாப் பாட்டு சின்ன ரெக்கார்டெல்லாம் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வேகத்தில்தானே ஓடுகிறது? முப்பத்து மூன்றில் ஓடிய இதையும் நாற்பத்தைந்துக்குத் தள்ளிவிட்டான்!

அவ்வளவுதான். தாடிக்காரர்கள் மூன்று பேரும் எலிக்குஞ்சு மாதிரி கீச்கீச்சென்று பாட ஆரம்பித்தார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. “இப்பதான்டா கல்யாணப் பாட்டு!” என்று மாமா கை தட்டினார். மேடையில் மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! “ஏங்க, அந்தப் பொண்ணு ஆசையா கேட்ட ஒரே பாட்டுங்க அது” என்று நேராக மாமாவிடம் போனேன். “நல்ல காரியத்துல ஒப்பாரி வெக்கச் சொல்றியாம்மா?” என்றார். நான் கத்த, அவர் கத்த…

தெரியாமல்தான் கேட்கிறேன் — சந்தோஷம் என்றால் காது கிழிய வேண்டும் என்று யார் சொன்னது? மெதுவாக இருப்பதெல்லாம் சாவுதானா? அந்த ரெக்கார்டை லட்சம் பேர் காசு கொடுத்து வாங்கினார்களே, அத்தனை பேர் வீட்டிலும் எழவா விழுந்தது?

நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே மல்லிகா மேடையை விட்டு இறங்கிவிட்டாள்.

மாலையும் கழுத்துமாக நேரே மைக் செட் மேஜைக்குப் போனாள். வேகத்தைக் குறைத்தாள். முள்ளைத் தூக்கிப் பாட்டின் ஆரம்பத்தில் வைத்தாள். யாரும் கிட்டே வரக்கூடாது என்கிற மாதிரி பிளேயரை மறைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. தாலி கட்டுவது மறுநாள் காலையில்தானே? ‘இந்தத் திமிர் பிடித்த பெண் வேண்டாம்’ என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போட்ட சத்தத்தால்தான் இவள் இறங்கினாளோ?

மாப்பிள்ளை எழுந்தார். மேடையிலிருந்து இறங்கினார். மேஜைக்கு எதிரே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாட்டை முடிகிறவரை முழுசாகக் கேட்டார்.

பிறகு, “பின்பக்கமும் பாட்டு கீதுங்களா?” என்று மல்லிகாவைக் கேட்டார்.

அவள் தலையாட்டினாள். வாத்தியார் ரெக்கார்டை இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிப் போட்டார்.

அப்புறமும் மாமா அதை எழவுப் பாட்டு என்றுதான் சொன்னார் — பக்கத்து நாற்காலிக்காரர் காதில் மட்டும்!