பஸ்ஸுக்கு முன்னால் என் அக்கா

என் அக்காவுக்கு வேலை போனதற்கு அவள் புருஷனே காரணம் என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். ஊர் வாயை என்னால் மூட முடியாது. ஆனால் பாதி தெரிந்தவர்கள் முழுதும் தெரிந்த மாதிரி பேசும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் கூடவே இருந்து பார்த்தவள். நான் சொல்கிறேன்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். பள்ளிக்கூடத்தில் என் பென்சிலைப் பிடுங்கிய பெண்ணை அவள் வீடு வரைக்கும் துரத்திப் போய், பென்சிலை வாங்கிக்கொண்டு, அவளுடைய அப்பாவையும் நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தவள். அவளுக்கு வாய்த்த மாமாவோ வாயில்லாப் பூச்சி. பஸ் டிரைவர். தானுண்டு தன் வண்டியுண்டு என்று இருப்பவர். குழம்பில் உப்பில்லை என்றால் வாய் திறந்து சொல்லமாட்டார், எழுந்து போய் அவரே போட்டுக்கொள்வார். "இவரோட சண்டை போடறதுக்கு செவுத்தோட போடலாம், அதுவாவது கொஞ்சம் எதிரொலிக்கும்" என்பாள் அக்கா. அதற்காகச் சண்டை போடாமலும் இருக்கமாட்டாள்.

எங்கள் இரண்டு வீடும் நகரத்துக்கு வெளியே. எங்கள் கைக்கு எட்டுகிற வாடகை எல்லாம் வெளியேதான் இருக்கிறது, வேலை எல்லாம் உள்ளே இருக்கிறது. ரயிலில் போய் ஜங்ஷனில் இறங்கி, மேம்பாலம் ஏறி இறங்கி, பஸ் பிடித்தால் பெரிய ஆஸ்பத்திரி. அக்காவுக்கு அங்கே சலவைக்கூடத்தில் வேலை. எனக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடையில். அந்த பஸ்ஸை ஓட்டுவது மாமா. அவர் விடிவதற்கு முன்பே டிப்போவுக்குப் போய்விடுவார், நானும் அக்காவும் பின்னால் ரயிலில் வருவோம். "உங்களுக்கென்ன, வீட்டு வண்டி" என்று பக்கத்து வீட்டுக்காரி கண் வைப்பாள்.

முன்பெல்லாம் ரயில் வந்து, கூட்டம் படியிறங்கி ஏறின பிறகுதான் பஸ் கிளம்பும். யாரும் உத்தரவு போட்டதில்லை. டிரைவர்களுக்குக் கண் இருந்தது, அவ்வளவுதான். பிறகு பஸ் ஆபீசில் எந்தப் புண்ணியவானோ ஏசி அறையில் உட்கார்ந்து புது நேரம் போட்டான். ரயில் வந்து நிற்கிற நேரமும் பஸ் கிளம்புகிற நேரமும் ஒன்று. ரயிலிலிருந்து இறங்குகிறவனுக்கு இறக்கை இருந்தால் பஸ்ஸைப் பிடிக்கலாம். அதை விட்டால் அடுத்த பஸ் அரை மணி கழித்து.

அதோடு விட்டார்களா? ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். நேரத்துக்கு எடுத்தால் பச்சை, இரண்டு மூன்று நிமிஷம் தாமதமானால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் காரணம் கேட்கும். காரணத்துக்கு வரிசையாகப் பொத்தான்கள் உண்டு: பழுது, விபத்து, நெரிசல், வழியில் தடை. ரயிலுக்காக நின்றேன் என்பதற்குப் பொத்தான் கிடையாது. காரணமில்லாத சிவப்பு அடிக்கடி விழுந்தால் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு டிப்போவில் பஸ் கழுவ விட்டுவிடுவார்கள். மாமாவோடு சேர்ந்த ஒருவர் இப்போது தண்ணீர்க் குழாயும் கையுமாகத்தான் நிற்கிறார்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. அந்த ரயிலில் வருகிறவர்கள் ஒரு கூட்டமாகவே போய்க் கேட்டோம். ரயில் ஆபீசில், "எங்க நேரம் சரியாத்தான் இருக்கு, பஸ்காரங்கள கேளுங்க" என்றார்கள். பஸ் ஆபீசில், "ரயில்காரங்க ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்தா என்னவாம்?" என்றார்கள். இரண்டு ஆபீசும் ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒன்றாக இருக்கிறது. கீழே ஒரே கேன்டீன். மத்தியானம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் தீர்கிற விஷயம். அவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார்கள். எங்களையும் சேர்த்துத்தான்.

அக்காவின் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இதில் உள்ள வயிற்றெரிச்சல் புரியும். உலர்த்தும் எந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகள் கொதிக்கக் கொதிக்க வந்து விழும். ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு முனை. ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். ஆபரேஷன் அறைத் துணிகள் முதல் ஆபரேஷனுக்கு முன்னால் மேலே போயாக வேண்டும். அதனால் தாமதமாக வந்தால் அங்கே யாரும் பல்லிளித்துக்கொண்டு வரவேற்கமாட்டார்கள். புது நேரம் வந்த பிறகு அக்கா பலமுறை திட்டு வாங்கிவிட்டாள். கடைசியில் சூப்பர்வைசர் அம்மா, "இன்னொரு தடவை லேட்டானா அப்படியே வீட்டுக்குப் போயிடு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். முந்தின ரயிலில் போகலாமே என்பீர்கள். அக்காவின் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் அவள் கிளம்ப வேண்டும். பள்ளிக்கூடம் அதற்கு முன்னால் கேட்டைத் திறக்காது.

இதெல்லாம் மாமாவுக்குத் தெரியும். அக்காவுக்காக அவரும் சில நாள் நின்று சிவப்பு வாங்கிக்கொண்டார்.

வேலை போன அன்று ரயில் ஜங்ஷனுக்கு வெளியே சிக்னலில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தது. அக்கா ஓடும் ரயிலிலிருந்தே குதித்திருப்பாள், நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்கியதும் ஓட்டம். மேம்பாலத்தில் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினோம். கடைசிப் படியில் இருக்கும்போது பஸ் கதவு மூடுகிறது. அக்கா பஸ்ஸோடு ஓடினாள். பக்கவாட்டில் பட்பட்டென்று அடித்தாள். மாமா கண்ணாடியில் பார்த்தார். பார்க்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது, அவர் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார். பஸ் போய்விட்டது.

அக்கா ரோட்டிலேயே நின்றாள். செருப்பு ஒன்று படியிலேயே கழன்று போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய இடத்தில் இன்னொருத்தி விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது சமையலறையில் ஒரே சத்தம்.

"நாய் குறுக்க வந்தா நிறுத்துவீங்க. நான் நாயை விடக் கேவலமா போயிட்டேனா?"

மாமா தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"கேக்கறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"இந்த மாசம் இன்னொரு சிவப்பு விழுந்தா வண்டி கைய விட்டுப் போயிடும்" என்றார் மாமா. "ரெண்டு சம்பளத்துல ஒண்ணாவது மிஞ்சட்டும்னு நெனச்சேன்."

"எது மிஞ்சணும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. ஓடி வந்தவளுக்கு அதுல ஒரு வார்த்தையும் கிடையாது. அப்படித்தானே?"

அன்றைக்குத்தான் மாமா குரலை உயர்த்தி நான் கேட்டேன். கையிலிருந்த தட்டை ணங்கென்று வைத்தார். "என்னை என்னடி பண்ணச் சொல்ற? ரயிலுக்காக நிக்கறதுக்கு பட்டன் இல்ல! எவனாவது வண்டிக்கு முன்னாடி வந்து மறிச்சு நின்னா நிக்கலாம். அதுக்கு மட்டும் வெச்சிருக்கானுங்க!"

அக்கா சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

மறுநாள், அதுவரை யாரையும் நம்பி விடாத மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும் வேலையைப் பக்கத்து வீட்டுக்காரியின் தலையில் கட்டிவிட்டு, முந்தின ரயிலில் போய்விட்டாள். நான் வழக்கமான ரயிலில் இறங்கிப் படிக்கு வந்து பார்த்தால், பஸ்ஸுக்கு முன்னால், நட்டநடுவில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் அக்கா. மாமா ஹாரன் அடிக்கிறார். பஸ்ஸில் முன்னமே இடம் பிடித்தவர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டித் திட்டுகிறார்கள். "உங்க வீட்டுலயும் ஒருத்தி எங்கேயாவது படியிறங்கி ஓடி வந்துட்டுத்தான் இருப்பா, கொஞ்சம் பொறுங்க" என்று பதிலுக்குக் கத்துகிறாள். ரயில் கூட்டத்தில் கடைசி ஆள் ஏறின பிறகுதான் நகர்ந்தாள். மாமா 'வழியில் தடை' பொத்தானை அமுக்கினார்.

இது தினமும் நடந்தது. "உனக்குத்தான் வேலையே இல்லையேக்கா. எதுக்கு இந்த வம்பு?" என்று கேட்டேன்.

"எனக்குப் போச்சு. உனக்கு இருக்குல்ல? பின்னாடி வர்ற அத்தனை பேருக்கும் இருக்குல்ல? எல்லாருக்கும் போகட்டும், அப்புறம் உக்காந்து ஒண்ணா அழலாம்கறியா?"

வீட்டில் இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அக்கா சோறு போடுவாள், மாமா சாப்பிடுவார். காலையில் அவள் நிற்பாள், அவர் பொத்தானை அமுக்குவார். அவருடைய பஸ்ஸில் மட்டும் அவள் ஏறவேயில்லை. ரயில் பிடித்து வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

ஒரே இடத்தில் தினமும் தடை என்றால் ஆபீசில் சந்தேகம் வராமல் இருக்குமா? பயணிகள் ஓடி வந்தபோது திறக்காத கண் இதற்குத் திறந்துவிட்டது. ஒருநாள் காலை பஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து காத்திருந்தார், கூட ஒரு போலீஸ்காரர். நான் அன்று அக்காவோடு முந்தின ரயிலிலேயே வந்திருந்தேன். அக்கா வழக்கம்போலப் போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் மாமாவின் ஜன்னலுக்குப் போனார். "யாருய்யா இந்த அம்மா? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

மாமா பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "அவருக்கு என்னைத் தெரியாது. நானாத்தான் வந்து நிக்கறேன். எதுவா இருந்தாலும் என்கிட்ட பேசுங்க."

"அப்படின்னா சரி. போலீஸ் ஸ்டேஷன்ல வந்து பேசிக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். போலீஸ்காரர் அக்காவை நோக்கி நடந்தார். அக்கா மாமாவைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்று அதற்கு அர்த்தம்.

மாமா எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து அக்கா பக்கத்தில் நின்றார்.

"என் பொண்டாட்டி சார். வேணும்னுதான் நிக்கறா. தெரிஞ்சுதான் நானும் பட்டன அமுக்கினேன்."

"அறிவிருக்கா உங்களுக்கு?" அக்கா நடுரோட்டில் கத்தினாள். "நான்தான் தெரியாதுன்னு சொல்லிட்டேனே! இருக்கற ஒரு வேலையையும் தொலைச்சிட்டு நடுத்தெருவுல நிக்கப் போறோமா?"

இன்ஸ்பெக்டர் போனை எடுத்துத் தள்ளிப் போய் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து, "இந்த டிரிப்ப முடிச்சிட்டு நேரா டிப்போவுக்கு வா. சாவியை அங்க குடுத்துடு" என்றார். மாமா தலையசைத்தார். அதற்குள் ரயில் வந்து, கூட்டம் தபதபவென்று படியிறங்கத் தொடங்கியிருந்தது. மாமா போய் உட்கார்ந்து, கடைசி ஆள் ஏறும்வரை கதவைத் திறந்தே வைத்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

அக்கா கீழேயே நின்றாள்.

"ஏறு" என்றார் மாமா.

"எங்க போறதுக்கு? எனக்கென்ன வேலையா வெட்டியா?"

"இது எனக்குக் கடைசி டிரிப்பு. ஏறு."

ஏறினாள். அவருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். ஆஸ்பத்திரி வரும்வரைக்கும் பஸ்ஸே கேட்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.