கவிழ்த்த கூடைகள்

என் தம்பியின் மீனை யாரும் ஏலம் கேட்காமல் விட்ட அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுருங்கிவிடுகிறது. போன வருஷம்தான் நடந்தது. நான் காரைக்கால் டவுனில் தெருத்தெருவாக மீன் விற்கிறவள். ப்ளஸ் டூ வரை படித்த கொழுப்பில் கொஞ்சம் எழுதவும் செய்கிறேன். விடிந்ததும் எங்கள் ஊர்க் கரையில் ஏலம் எடுத்து, அலுமினியக் கூடையோடு ஷேர் ஆட்டோ பிடித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் அடுத்தவர் போட்டில் தொழிலுக்குப் போகிறார். தம்பிக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் போட்டு இருக்கிறது.

எங்கள் ஊர்ப் போட்டு ஒன்று என்ஜின் பழுதாகி நடுக்கடலில் நின்றுவிட்டது. செல்போனுக்கு டவர் கிடைக்காத தூரம். அந்த வழியாகத் தம்பியின் போட்டு வந்திருக்கிறது. அவர்கள் சட்டையைக் கழற்றி வீசியிருக்கிறார்கள். இவன் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டு நேரே கரைக்கு வந்துவிட்டான். ஒரு ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்தவர்களை, மறுநாள் பக்கத்து ஊரான கோட்டுச்சேரிமேட்டுப் போட்டு ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்து சேர்த்தது. நின்ற போட்டை இழுக்காமல் போவது எங்கள் கரையில் யாரும் செய்யாத காரியம்.

"சும்மா கை காட்டுறாங்கன்னு நெனச்சேங்க்கா" என்றான் தம்பி.

"சட்டையக் கழட்டிக்கிட்டு எவன்டா சும்மா கை காட்டுவான்?"

அன்றைக்கு அவன் போட்டு நிறைய கானாங்கெளுத்தி. நேரமானால் விலை விழுந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். என் கூடப் பிறந்தவன் இப்படிச் செய்தானே என்று உடம்பெல்லாம் கூசியது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வாடா என்று துரத்தினேன். போய், "கவனிக்காம வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். அந்தப் போட்டுக்காரர் தங்கமான மனுஷன். "போனது போவட்டும், உயிரோட வந்துட்டோம்ல" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார். அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

அடுத்த நாள் தம்பியின் மீனைக் கரையில் கொட்டினார்கள். அத்தனையும் பளபளவென்று கானாங்கெளுத்தி. அந்தச் சமயம் வேறு யாருக்கும் நல்ல மீன் படவில்லை. ஏலக்காரர் கூவினார். ஏலம் எடுக்க நின்ற பெண்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் கூவினார். எங்களில் மூத்த அக்கா ஒருத்தி உண்டு. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவள் தன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கவிழ்த்தார்கள். முன்கூட்டியே கூடிப் பேசியதாகவும் தெரியவில்லை. ஏலக்காரருக்குப் புரிந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த போட்டுக்குப் போய்விட்டார்.

"அக்கா, நீயாச்சும் கேளுக்கா" என்றான் தம்பி.

நான் கேட்கவுமில்லை, கவிழ்க்கவுமில்லை. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றேன். அத்தனை மீனையும் தம்பி பெண்சாதி அழுதுகொண்டே அறுத்துக் கருவாட்டுக்கு உப்புப் போட்டாள்.

அடுத்தடுத்த நாளும் அதே கதைதான். பெண்கள் பொடி மீனை வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு வீட்டம்மா, "கானாங்கெளுத்தி இல்லாம எதுக்கு இவ்வளவு தூரம் வந்த?" என்று என்னையே கேட்டுவிட்டார். மூத்த அக்காவின் கூடையில் பாதி மீன் விற்காமலே திரும்பியது. அதையெல்லாம் கண்ணால் பார்த்தும், நான் தம்பி வீட்டில் உட்கார்ந்து, "அடிமாட்டு விலைக்கு எறக்கத்தான் இவளுங்க இப்படி நாடகம் ஆடுறாளுங்க" என்று சொன்னேன். அவமானம் வந்தால் புத்தி எவ்வளவு மட்டமாக வேலை செய்கிறது!

ஒருநாள் ஷேர் ஆட்டோவில் அந்த அக்கா பக்கத்தில் உட்காரும்படி ஆயிற்று. வாயை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பாதிக்கப்பட்டவரே மன்னிச்சுட்டாரு. ஒனக்கு என்னக்கா வந்துச்சு? ஒன் வீட்டுலேருந்து யாரு கடலுக்குப் போறா?"

"எங்க வீட்டுலேருந்து யாரும் போவல. ஒன் வீட்டுக்காரரு போறாருல்ல?"

கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ வேணும்னா வாங்கிக்க புள்ள. ஒடம்பொறப்பு. ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். என் வீட்டுக்காரர் அப்போது கடலில்தான் இருந்தார். அவர் சட்டையைக் கழற்றி வீசுவதும், யாரோ ஒருவன் மீன் விலையை நினைத்துக்கொண்டு கையைக் காட்டிவிட்டுப் போவதும் என் கண் முன்னால் வந்தன. மார்க்கெட் வரும்வரை அவள் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை தம்பியின் மீன் கரைக்கு வந்ததும் என் கூடையைக் கவிழ்த்து அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். தம்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னான்.

"பாத்தேன். சட்டைய வீசுனதப் பாத்தேன். மீனு கெட்டுடும்னு வந்துட்டேன். தப்புதான். இனிமே எந்தப் போட்டு நின்னாலும் நிப்பேன்."

அழுதுவிட்டான். யாரும் தேற்றவில்லை. ஏலக்காரர் திரும்பி வந்து ஒரு தடவை கூவினார். மூத்த அக்கா எழுந்தாள். கூடையை நிமிர்த்தினாள். விலையைச் சொன்னாள். நல்ல கானாங்கெளுத்திக்கு எப்போதும் போகிற விலை. ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

தம்பி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவன் வீட்டில் உட்கார்ந்து சொன்னது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சுற்றிலும் பெண்கள் கூடையை நிமிர்த்திக்கொண்டு ஏலம் கேட்டார்கள். என்னால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை.